பிழிந்து வைத்த தாய்ப்பால்: எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எந்தப் பாத்திரத்தில்?

கைப்பிள்ளை உள்ள தாய் வேலைக்குப் போகலாமா என்று கேட்பதில் இன்று பயனில்லை. போகத்தான் வேண்டியிருக்கிறது. சொந்த வயலும் வளவும் கைவிட்டுப் போய், உறவினர் வளவில் போட்ட தகரக் கொட்டிலிலோ வாடகை வீட்டிலோ வீட்டுத்திட்டத்து மாடியிலோ குடியிருக்கும் குடும்பத்துக்கு ஓர் ஆளின் கூலி அடுப்பெரிக்கப் போதாது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துத் தாய்மார் அடுத்தவருடைய வட்டைக்குப் புல் பிடுங்கப் போகிறார்கள். சம்மாந்துறையில் நெல் காயப்போடுகிறார்கள். மருதமுனையில் தறியில் இருக்கிறார்கள். சுபஹுக்குப் பின் வீட்டை விட்டால் ளுஹருக்குத்தான் திரும்ப முடிகிறது. இடையில் பிள்ளை என்ன குடிக்கும்?

பெரும்பாலும் நடப்பது இதுதான். கடையில் ஒரு பால்மா பைக்கற்று, ஒரு சூப்பிப் போத்தல். காசு போவது ஒரு பக்கம். பிள்ளை போத்தலுக்குப் பழகி முலையை மறுப்பதும், தாயின் பால் மெல்ல வற்றுவதும், ஒரு மாதத்துக்குள் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் மறுபக்கம். இதற்கு வேறு வழி உண்டு. தாய் தன் பாலையே கையால் பிழிந்து, மூடி வைத்து, வீட்டில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். செலவில்லை. ஆனால் இதற்கென்று சில கணக்குகள் உண்டு. அவற்றை அறியாமல் செய்தால் நல்ல பாலும் நஞ்சாகிவிடும். எமது கரையோரத்து வெயிலில், மின்சாரம் வந்து வந்து போகும் வீட்டில், மீன் ஐஸ் மட்டுமே கைக்கெட்டும் இடத்தில் அந்தக் கணக்குகள் எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

முகாமில் பால்மா செய்த வேலை

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்தபோது நாட்டுக்கு வந்து குவிந்த உதவிப் பொருள்களில் பால்மாவும் போத்தலும் இருந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பால்மா கரைக்கக் கொதித்தாறிய சுத்தமான நீர் வேண்டும், போத்தலை அவிக்க விறகு வேண்டும், கை கழுவச் சவர்க்காரம் வேண்டும். கிணறுகளில் உப்புநீர் நிறைந்திருந்த அந்த நாட்களில் இவை மூன்றும் யாரிடம் இருந்தன?

இதனால் வரும் கேட்டை அளந்து பார்த்தது இந்தோனேசியாவில். 2006 மே மாதம் யோக்யகார்த்தாப் பகுதியில் பூகம்பம் வந்து, அங்கும் பால்மா நன்கொடையாகப் பங்கிடப்பட்டது. பின்னர் வீடு வீடாகச் சென்று பார்த்ததில், நன்கொடைப் பால்மா கிடைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒரு வாரத்துக்குள் வயிற்றோட்டம் இருந்தது. கிடைக்காத குழந்தைகளில் அது நூற்றுக்கு 11 அல்லது 12. தானமாக வந்த தகரம் நோயை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது என்றே சொல்ல வேண்டும்.

இலங்கை இந்த விடயத்தில் பின்தங்கிய நாடல்ல. பால்மா விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் கட்டுப்படுத்தும் சட்டக்கோவை 1983 இலேயே இங்கு வந்துவிட்டது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். மற்ற 18 பேர் யார் என்று யோசித்தால், வேலைக்குப் போகும் ஏழைத் தாயின் பிள்ளையும் அவர்களில் ஒன்றாக இருக்கும் என்றே எமக்குத் தோன்றுகிறது. பேறுகால நன்மைச் சட்டப்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டத் தொழில் செய்யும் தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வரம்பில் நாட்கூலிக்குப் புல் பிடுங்கும் தாய் அதை யாரிடம் போய்க் கேட்பது?

“வெயிலுக்க வந்து பால் குடுக்காத மகள்”

எமது பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதால், வேலைக்குப் போன தாயின் பிள்ளையைப் பார்ப்பவர் அநேகமாகத் தாயின் தாய்தான். ஆகவே உம்மம்மாவுக்கு விளங்காத எந்த முறையும் இங்கே நடக்காது. அவர் சொல்வது இப்படியிருக்கும்:

“வெயிலுக்க வந்து அப்படியே பால் குடுக்காத மகள். சூட்டுப் பால். புள்ளைக்கி வயித்தால போகும். முதல்ல கொஞ்சத்தப் பீச்சி ஊத்திப்போட்டுக் குடு.”

அவருடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முலைக்குள் இருக்கும் பால் வெயிலால் சூடாவதில்லை, பழுதாவதுமில்லை. தாயின் உடம்பு எப்போதும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கிறது. எட்டு மணித்தியாலம் குடிக்காமல் விட்டாலும் உள்ளே இருப்பது நல்ல பால்தான். வட்டையால் வந்த தாய் செய்ய வேண்டியது கையையும் மார்பையும் கழுவி, ஒரு சுண்டு தண்ணீர் குடித்து, உடனே பிள்ளையை மடியில் போடுவது. சேறும் வயலுக்கு அடித்த கிருமிநாசினியும் உடுப்பில் இருக்கும். அந்த உடுப்போடு மட்டும் பிள்ளையைத் தூக்கலாகாது.

பழுதாகும் கணக்கு, பால் வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது.

பிழியும் முறை

இதற்கு இயந்திரம் தேவையில்லை. இரவல் வாங்கிய றப்பர் பந்து வைத்த பம்பைப் பயன்படுத்தவே வேண்டாம். அந்தப் பந்துக்குள் பால் போய்த் தங்கிவிடும். கழுவ முடியாது. கை போதும்.

கையைச் சவர்க்காரம் போட்டு, நகத்தடி உட்பட, நன்றாகக் கழுவ வேண்டும். மார்பைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டியதில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு நிமிடம் மார்பில் வைத்து, பின் மெதுவாகத் தடவிவிட்டால் பால் இறங்கும். பெருவிரலை முலைக்காம்புக்கு மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும், கருவட்டத்தின் ஓரத்தில், காம்பிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அமர்த்த வேண்டும். பிறகு இரு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விட வேண்டும். அமர்த்து, அழுத்து, விடு என்பதுதான் தாளம். காம்பைப் பிடித்து இழுப்பதோ தோலில் விரலை வழுக்குவதோ கூடாது. நோவுதான் மிஞ்சும். தொடக்கத்தில் சொட்டுத்தான் வரும். ஓரிரு நிமிடத்தில் பீறிட்டு வரும். ஒரு பக்கம் குறைந்ததும் மறுபக்கம் மாறி, விரல்களைச் சுற்றிலும் நகர்த்தி, இரண்டு பக்கமும் சேர்த்து 20 தொடக்கம் 30 நிமிடம் எடுக்கும்.

முதல் நாள் கோப்பையின் அடி நனைந்தாலே போதும். மனம் தளர வேண்டாம். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். அதிகாலையில் பால் கூடுதலாக இருக்கும். பிள்ளை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கத்தைப் பிழிந்தால் இன்னும் இலகு.

எவ்வளவு வைத்துவிட்டுப் போவது? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி லீற்றர் குடிக்கும். அதாவது தாய் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய 30 மில்லி லீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு 180. இதை ஒரே பாத்திரத்தில் வைக்காமல் மூன்றில் 60, 60 ஆக வைத்தால், பிள்ளை ஒரு தடவை குடித்து மிச்சம் விட்டாலும் வீணாவது கொஞ்சம்தான்.

வட்டையில் இருக்கும்போதும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறைவிடம் பார்த்துப் பிழிய வேண்டும். கொண்டுவர வசதியில்லாவிட்டால் மண்ணில் விட்டாலும் பரவாயில்லை. பிழியாமல் விட்டால் மார்பு கட்டிப்பட்டுக் காய்ச்சல் வரும், பாலும் குறையும்.

பாத்திரம்

இறுக மூடக்கூடிய கண்ணாடிப் போத்தல் நல்லது. ஜாம் போத்தல், தேன் போத்தல் எதுவானாலும் மணம் போகக் கழுவி, மூடியையும் சேர்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கொதி வந்த பின் ஐந்து நிமிடம் அவித்து, சுத்தமான துணியில் கவிழ்த்து உலர விட வேண்டும். துணியால் உள்ளே துடைக்கக் கூடாது. மூடியுள்ள சில்வர் டப்பாவும் சரிதான். கடையில் தண்ணீரும் சோடாவும் வரும் மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் சரிவராது. அவித்தால் நெளிந்துவிடும், அவிக்காவிட்டால் சுத்தமாகாது. சொப்பிங் பேக்கில் கட்டி வைப்பது அறவே கூடாது.

வெள்ளம் வந்த நாட்களில் கழுவும் தண்ணீரும் கொதிக்க வைத்ததாக இருக்க வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் வந்தபோது எமது பகுதிக் கிணறுகள் என்ன ஆயின என்பதை எல்லோரும் பார்த்தோம்.

வெளியே வைத்தால் எத்தனை மணித்தியாலம்?

பசுப்பாலைக் காய்ச்சாமல் வைத்தால் மத்தியானத்துக்குள் திரைந்துவிடும். தாய்ப்பால் அப்படியல்ல. அதில் உயிருள்ள வெள்ளணுக்களும், கிருமியைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புப் பொருள்களும், கிருமிக்கு வேண்டிய இரும்பைக் கிடைக்காமல் செய்யும் புரதமும் உள்ளன. பிழிந்து வைத்த பிறகும் சில மணித்தியாலம் இவை காவல் காக்கின்றன. கரைத்த பால்மாவுக்கு இந்தக் காவல் கிடையாது. அதை 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

தாய்ப்பாலை 25 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நான்கு மணித்தியாலம் வைக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 25 பாகை என்பது எமக்கு மார்கழி மாதத்து விடியற்காலை. கச்சான் காற்று வீசும் நாட்களில் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் 30 பாகையையும் நன்றாகத் தாண்டிவிடும். உடம்புச் சூட்டுக்குக் கிட்டிய 38 பாகையில் பாலை வைத்துச் சோதித்தவர்கள், அந்தச் சூட்டில் சேமிக்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே எமது பகுதிக்கு நாம் சொல்லும் கணக்கு: நிழலான, காற்றோட்டமான இடத்தில், மூடிய பாத்திரத்தில் காலை வேளையில் மூன்று மணித்தியாலம்; மத்தியானத்தில் இரண்டு. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் குளிர் வேண்டும்.

மண்பானைக்குள் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஈரச் சாக்குச் சுற்றிய மண்பானை, நீர் ஆவியாகும்போது உள்ளே சில பாகை குறையும். காய்ந்த கச்சான் காற்றில் கூடக் குறையும். மாரிக் காலத்து ஈரக் காற்றில் அவ்வளவாகக் குறையாது. பால் வெயிலில் கிடப்பதை விட அது மேல். ஆனால் அதை நம்பி மணித்தியாலக் கணக்கைக் கூட்ட வேண்டாம்.

ரெஜிபோம் பெட்டியும் மீன் ஐஸும்

கல்முனைக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. கரைவலைக்காரரும் மீன் வியாபாரிகளும் கட்டி கட்டியாக ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு சிறிய ரெஜிபோம் பெட்டியும் ஒரு துண்டு ஐஸும் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத குடும்பமும் பாலை ஒரு நாள் வைக்கலாம். 24 மணித்தியாலம்தான் எல்லை.

ஆனால் மீன் ஐஸ் குடிப்பதற்குரிய நீரில் செய்யப்பட்டது என்று எண்ண வேண்டாம். தரையில் இழுபட்டு, சாக்கில் உருண்டு வந்தது அது. அதைக் கழுவி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, பால் போத்தலைச் சுற்றி வைக்க வேண்டும். உருகிய நீர் போத்தலின் மூடி மட்டத்துக்கு ஏறவே கூடாது. அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மீன் வைத்த பெட்டியைப் பாலுக்கு எடுக்கக் கூடாது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனாலும் சொல்லி வைக்கிறோம். பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் இன்னும் கட்டியாகக் கிடந்தால் பால் குளிரில் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். முற்றாக உருகி நீரும் வெதுவெதுப்பாக இருந்தால், எப்போது உருகியது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம்.

பிறிஜ் இருக்கும் வீட்டில்

4 பாகையில் ஓடும் பிறிஜ்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். கரண்ட் பில்லுக்குப் பயந்து குளிரைக் குறைத்து வைத்திருக்கும் பிறிஜ் 4 பாகையில் ஓடாது. அங்கே இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். கதவில் உள்ள தட்டில் வைக்காமல் உட்புறம், பின்பக்கம் வைக்க வேண்டும். கதவை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கதவுத் தட்டுக்குத்தான் முதலில் சூடு படும். மீனும் இறைச்சியும் இருக்கும் பிறிஜ்ஜானால் பால் போத்தல்களை மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள் போட்டு மேல் தட்டில் வைப்பது நல்லது.

உறைய வைப்பது வேறு. தனிக் கதவுள்ள உறைபெட்டியில், மைனஸ் 18 பாகையில், ஆறு மாதம் வரை பால் நல்ல நிலையில் இருக்கும். ஒரே கதவுள்ள பழைய பிறிஜ்ஜின் மேலே இருக்கும் ஐஸ் அறை அந்தக் குளிருக்குப் போகாது. அதில் இரண்டு வாரம்தான். அயல் கடையில் ஐஸ் பைக்கற்றும் யோகட்டும் விற்கும் உறைபெட்டியில் இடம் கேட்டு வைப்போரும் உண்டு. அது நாள் முழுதும் திறந்து மூடப்படுவது. அடியில், ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

உறையும்போது பால் விரியும். விளிம்பு வரை நிரப்பினால் கண்ணாடி வெடிக்கும். மேலே ஓர் அங்குலம் விட வேண்டும். 60 மில்லி லீற்றராக உறைய வைத்தால் வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம். புதிதாகப் பிழிந்த வெதுவெதுப்பான பாலை உறைந்த பாலின் மேல் ஊற்றக் கூடாது. மேற்பகுதி உருகிக் கிருமிக்கு இடம் கொடுக்கும். சேர்க்க வேண்டுமானால் முதலில் பிறிஜ்ஜில் நன்றாகக் குளிர வைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். பிளாஸ்டரில் திகதியும் நேரமும் எழுதி ஒட்டி, முதலில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

மின்சாரம் போனால் பதற்றத்தில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் பெரிய கேடு. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மூடிய கதவோடு பிறிஜ் நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். நிறையப் பொருள் உள்ள தனி உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் பிடிக்கும். ஆகவே காலியிடத்தில் தண்ணீர் போத்தல்களை உறைய வைத்து நிரப்பி வைப்பது புத்தி. சிறிய ஐஸ் அறைக்கு இந்தக் கணக்கு இல்லை. மின்சாரம் வந்ததும் போத்தலை எடுத்துப் பாருங்கள். பாலில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முற்றாக உருகி, ஆனால் குளிராக இருந்தால் பிறிஜ்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சூடேறியிருந்தால் ஊற்றிவிட வேண்டியதுதான். அரை மணித்தியாலம் பாடுபட்டுப் பிழிந்த பாலை ஊற்ற மனம் வராது. ஆனாலும் ஊற்ற வேண்டும்.

உருக்கிக் கொடுப்பது

உறைந்த பாலை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால் விடியும்போது உருகியிருக்கும். அவசரமானால் போத்தலை வெதுவெதுப்பான நீர்ச் சட்டியில் நிறுத்தலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்சவோ மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவோ கூடாது. காவல் பொருள்கள் அழிந்துவிடும். மைக்ரோவேவ் ஓரிடத்தில் கொதிக்க வைத்து ஓரிடத்தைக் குளிராக விட்டுப் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். உருகிய பால் பிறிஜ்ஜில் 24 மணித்தியாலம், வெளியே இரண்டு மணித்தியாலம் வரை இருக்கலாம். மறுபடி உறைய வைக்க முடியாது. பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

மேலே ஆடையாகவும் கீழே நீராகவும் பிரிந்து நிற்பதைப் பார்த்து, “திரைஞ்சி போச்சி” என்று உம்மம்மா ஊற்றிவிடக்கூடும். அது கொழுப்பு மிதப்பதுதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பால் உறைந்து உருகிய பின் சவர்க்காரம் போல மணக்கும். கொழுப்பைக் கரைக்கும் ஒரு நொதியம் அந்தப் பாலில் கூடுதலாக இருப்பதுதான் காரணம். பிள்ளை குடித்தால் கொடுக்கலாம். புளித்த மணம் வேறு. அதை வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

“ஐஸ்ல வெச்ச பால் குடிச்சா சளி புடிக்கும்” என்பதும் சரியல்ல. சளி கிருமியால் வருவது. குளிர் போகும் வரை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் பிள்ளை விரும்பிக் குடிக்கும்.

கொடுக்கும்போது போத்தல் வேண்டாம். சூப்பானின் துளைக்குள் உள்ள அழுக்கை எந்த ஊசியாலும் எடுக்க முடியாது. சிறிய தேநீர்க் கோப்பை போதும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் தொட வைத்தால் அதுவே நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். இரண்டு மூன்று நாள் சிந்தும். பிறகு சிந்தாது. வாப்பாமாரும் இதைப் பழகிக்கொள்ளலாம். கோப்பை பிடிப்பதற்கு உம்மாதான் வேண்டும் என்பதில்லை.

யாருடைய பால் என்று எழுதி ஒட்டுங்கள்

ஒரு பிறிஜ்ஜை நான்கு குடும்பம் பாவிக்கும் இடத்தில், இரண்டு தாய்மாரின் பால் ஒரே தட்டில் இருக்கலாம். திகதியோடு தாயின் பெயரையும் எழுதச் சொல்வதற்கு நோய் மட்டும் காரணமல்ல.

இஸ்லாமிய மார்க்கத்தில் பால்குடி உறவு இரத்த உறவைப் போன்றது. இரண்டு வயதுக்குள் வேறொரு தாயின் பாலைக் குடித்த பிள்ளைக்கு அந்தத் தாயும் தாய், அவளுடைய பிள்ளைகள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் திருமணம் இல்லை. எமது பகுதி முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழிமுறையில் ஐந்து தடவை குடித்தால் இந்த உறவு உண்டாகும் என்பார்கள். முலையில் நேரே குடித்தாலும் கோப்பையில் குடித்தாலும் ஒன்றுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பெயரெழுதாத போத்தல் ஒன்று ஒரு வாரம் மாறிப் போனால், இருபது வருடத்துக்குப் பின் ஒரு கலியாணப் பேச்சில் அது வந்து நிற்கும். பிறிஜ் பாவிக்கும் கிறிஸ்தவ, இந்துக் குடும்பத்தாரும் இதை அறிந்திருந்தால் அயலவருக்கு உதவியாக இருக்கும்.

பம்பாய் சயன் வைத்தியசாலையில் 1989 இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதலாவது தாய்ப்பால் வங்கியைத் தொடக்கினார். தாராவிச் சேரியின் ஏழைத் தாய்மாருக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் கிருமி தொற்றி இறப்பதைத் தடுக்கவே அது தொடங்கப்பட்டது. மற்றத் தாய்மார் கொடுத்த பாலை 62.5 பாகையில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். இன்று தமிழ்நாட்டு அரச வைத்தியசாலைகளிலும் இத்தகைய வங்கிகள் உண்டு. ஆனால் பங்களாதேசத்தின் டாக்காவில் 2019 டிசம்பரில் ஒரு பால் வங்கி திறக்கப்பட இருந்தபோது, பலருடைய பாலும் கலந்தால் யார் யாருக்குப் பால்குடி உறவு என்று தெரியாமல் போகும் என்று எதிர்ப்பு எழுந்து, அது நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அயல் தாய் ஒருவர் பால் கொடுக்க முன்வந்தால், முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்தத் தாயின் உடல்நலம் பற்றியும், பின் பள்ளிவாசலில் உலமாவிடம் உறவு பற்றியும் கேட்டு, பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யலாம். சொந்தத் தாயின் பாலைச் சேமிப்பதில் இந்தச் சிக்கல் எதுவுமில்லை.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைக்கு

குறைமாதப் பிள்ளையோ நோயாளிப் பிள்ளையோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், மேலே சொன்ன மணித்தியாலக் கணக்குகளை அப்படியே எடுக்க வேண்டாம். அவை சுகமான, நிறைமாதப் பிள்ளைக்கு உரியவை. குறைமாதப் பிள்ளைக்கு வார்ட்டில் சொல்லும் கணக்கு இதைவிட இறுக்கமாக இருக்கும். அதையே பின்பற்ற வேண்டும். பிள்ளை பிறந்த முதல் மணித்தியாலங்களிலிருந்தே, நாளுக்கு எட்டுத் தடவையாவது, இரவிலும் ஒரு தடவை, பிழியத் தொடங்க வேண்டும். முதல் மூன்று நாளில் வரும் மஞ்சள் நிறப் பால் ஒரு தேக்கரண்டியே ஆனாலும் அதை ஊற்றிவிடாமல் மிஸ்ஸியிடம் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டு போவதானால் அவித்த கண்ணாடிப் போத்தலில், ஐஸ் பெட்டிக்குள், தாயின் பெயர், திகதி, பிழிந்த நேரம் எழுதிக் கொண்டு போங்கள். பஸ்ஸில் மடியில் வைத்திருங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.